பின்சீட்டின் இடது பக்கம்

என் தங்கை வென்றவை இவை. பன்னிரண்டு வயதில், இரண்டும் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் கைவிட்ட காதுகளில் வலது காதை மீட்டாள். இடது காது போனது போனதுதான். பதினாறு வயதில், பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட கார் ரிப்பேர் ஷெட்டில் ஒரு ஸ்பானரும் ஒரு மூலையும் வாங்கினாள். பெல்ட்டில் சிக்கிய சுண்டுவிரலை, எடுத்துவிடலாம் என்று சொன்ன டாக்டரிடமிருந்து வென்றாள். அது இன்றும் மடங்காது, ஆனால் இருக்கிறது. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரிடம், வேலையை விடமாட்டேன் என்பதில் வென்றாள். மூன்று பேரும் போய்விட்டார்கள். நான்காவதாக வந்தவர் இருக்கிறார், அவர் வண்டிக்கும் இவள்தான் ஏசி கேஸ் அடைக்கிறாள். இவற்றோடு ஒரு பழைய காரின் பின்சீட்டில் இடது பக்கத்தையும் வென்றாள். அதை யாரிடமிருந்து வென்றாள் என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். அதே ஷெட்டின் முன்பக்கத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். இதில் வரும் அளவுகளை நம்பலாம். நான் கால் அங்குலம் தவறினால் உறை ஏறாது.

கார் ஏசி வேலையில் பாதி, கிடைக்காத சாமானைத் தேடுவது. மறுபாதி, கிடைத்த சாமானை இருக்கிற வண்டிக்குப் பொருத்துவது. பதினைந்து வருடப் பழைய காருக்குக் கம்பெனிக்காரன் சாமான் செய்வதை எப்போதோ நிறுத்தியிருப்பான். கூலிங் காயில் ஒரு வண்டியுடையதாக இருக்கும், கம்ப்ரசர் இன்னொரு வண்டியுடையதாக இருக்கும், நடுவில் ஓடுகிற பைப்பின் இரண்டு வாயும் இரண்டு அளவாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டையும் சேர்த்து என் தங்கை போடுகிற ஜாயின்ட்டுக்கு ஷெட்டில் சம்பந்தி என்று பெயர். இன்ஜின் வேலை பார்ப்பவர் வைத்த பெயர் அது. அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம், அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை.

"பொண்ணு வீடு அலுமினியம், மாப்பிள்ளை வீடு செம்பு" என்பார். "நேரா ஒட்ட வெச்சா ஒண்ணையொண்ணு அரிச்சுத் தின்னுடும். நடுவுல பெரிய மனுஷன் ஒருத்தன் வேணும்."

"அந்தப் பெரிய மனுஷன் ரப்பர் வாஷர்தான் சித்தப்பா" என்பாள் இவள். "வாயை மூடிக்கிட்டு நசுங்கிக் கிடப்பான். உங்கள மாதிரி இல்ல."

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு வேறு வண்டிச் சாமான்களைப் பொருத்தும் முன், ஒரு பகல் முழுக்க மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாய்களைத் துணியால் கட்டி நிழலில் விட்டுவிடுவாள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தால்தான் அளவு சரியாகக் கிடைக்கும் என்பது காரணம். கேட்பவர்களிடம் மட்டும், "அறிமுகம் ஆகட்டும்" என்பாள்.

வெளிர்நீலக் கார் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவருடையது. நாற்பது வயதிருக்கும், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவருடைய மனைவி வேறு ஊரில் வேலையில் இருந்தார். ஐந்து வயது மகளைக் கடையில் உட்காரவைத்துக்கொள்வார். மாலையில் அவளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக மருந்து கொடுத்துவிட்டு வருவார்.

"வண்டியை நிறுத்திட்டு நான் மாடி ஏறிப் போயிடறேன். பாப்பா வேர்த்து ஊத்திப்போயி உக்காந்திருக்கா" என்றார். "எதை வெச்சாவது குளிர வையுங்க. எந்த வண்டிச் சாமானா இருந்தாலும் சரி."

அந்தக் காருக்குரிய கூலிங் காயில் எங்குமே இல்லை. பழைய இரும்புக் கடையில், முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய ஒரு பெரிய வேனிலிருந்து கழற்றிய முழுப்பெட்டி ஒன்று கிடைத்தது. காயில், காற்றாடி, எல்லாம் ஒரே பெட்டிக்குள். இரும்புக் கடைக்காரர் பேரம் பேசவில்லை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பதுபோலக் கொடுத்தார் என்று தங்கை வந்து சொன்னாள்.

மேசை மேல் வைத்துப் பெட்டியைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். காற்றாடி சுற்றவில்லை. அதன் அச்சில் ஒரு முடி சுற்றியிருந்தது. தங்கை இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு முடி. நீட்டி என் டேப்பில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு அங்குலம்.

"யாருதோ" என்றேன்.

"யாருதாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு அதைக் குப்பை டப்பாவில் போட்டாள். விரலைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. பெரிய வண்டிக்கானது என்பதால் பின்சீட்டுக்குக் காற்று அனுப்பத் தனி வாய் வைத்திருந்தார்கள். தங்கைக்கு அதை அடைக்க மனம் வரவில்லை. முன்சீட்டுக்கு அடியில் ஒரு குழாய் ஓட்டிப் பின்பக்கம் கொண்டுபோனாள். குழந்தை உட்காருவது வலது பக்கம். குளிர் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்று குழாயின் வாயை இடது பக்கம் திருப்பிவைத்தாள். சம்பந்தி ஜாயின்ட் நான்கு போட்டாள், நான்கிலும் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்தாள், ஒரு குமிழி கிளம்பவில்லை.

இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது. ஏசி பைப் எல்லாம் அதைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். பழைய பெட்டிக்குரிய ஓட்டைகள் புதுப் பெட்டிக்குச் சரிவரவில்லை. புதிதாகத் துளை போட்டு, பழைய இரண்டு பெரிய ஓட்டைகளையும் தகடு வைத்து அடைத்தாள். கீழே கட்டைவிரல் நுழையும் அளவில் தண்ணீர் வடிகிற ஓட்டை ஒன்று. அதைப் பயன்படுத்தலாம் என்று முதலில் நினைத்தாள், பெட்டி சாய்ந்து உட்கார்ந்ததால் தண்ணீர் மறுபக்கம் போயிற்று. அதற்கு ரப்பர் மூடி வாங்க வேண்டும். "அக்கா, ஒரு துண்டுத் துணி குடு" என்றாள். சீட்டு உறையில் வெட்டி விழுந்த ஒரு துண்டைக் கொடுத்தேன். அதைச் சுருட்டி அடைத்தாள். மேலே கார்ப்பெட் மூடிக்கொண்டது. மறுநாள் வேறு வண்டி வந்தது.

நான் பின்சீட்டுக்குப் புது உறையும் புதுப் பஞ்சும் போட்டுக்கொடுத்தேன். பஞ்சு நான்கு அங்குலம், இரண்டு பக்கமும் ஒரே உயரம். வண்டி போயிற்று.

ஐந்து வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் என்னைத் தேடி வந்தார். முகம் தெளிவாக, சந்தோஷமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் கருத்திருந்தது.

"பின்சீட்ல இடது பக்கத்துக்கு ஒரு முதுகு மெத்தை வேணும்" என்றார். "கொஞ்சம் உயரமா. வயசானவங்க சாய்ஞ்சுக்கற மாதிரி."

"யாருக்கு சார்?"

"எங்க அக்காவுக்கு."

அளவெடுக்க வேண்டும், அவங்களைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய அக்கா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்ததே அந்த அக்காதான். இதை அவர் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"பாப்பாதான் முதல்ல பார்த்தா. நான் மருந்து குடுத்துட்டு இறங்கி வரேன், இவ இடது பக்கம் பார்த்து ஏதோ பேசிட்டிருக்கா. யாரும்மான்னா அத்தைங்கறா. தூங்கு தூங்குன்னு தட்டிக் குடுக்கறாங்களாம். இப்பல்லாம் வண்டியில ஏறினா அரை மணியில தூங்கிடறா. நானும் ஒருநாள் என்ஜினை ஓடவிட்டுப் பின்னால போய் உக்காந்து பார்த்தேன். நிஜம்மா சொல்றேன், பக்கத்துல மூச்சு விடற சத்தம் கேட்டுது."

எனக்குக் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கத் தோன்றியது. வைத்தேன்.

"இதுல ஒண்ணு பாருங்க" என்றார், ரகசியம் சொல்வதுபோல. "எங்க அக்காவுக்கு வைத்தியம் பார்த்ததுல முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. பாப்பா சொல்றா, அத்தைக்கு முடி இடுப்புவரைக்கும் இருக்காம். அங்க போனதும் வளந்திருக்கு."

அவர் காரில்தான் வந்திருந்தார். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும் சாயம் பூசினாற்போலச் சிவந்திருந்தன. கதவைத் திறந்து, அளவெடுக்கிற சாக்கில் இடது பக்கச் சீட்டின் மேல் கைவைத்தேன். நடுவில் குழிந்திருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தேன். முக்கால் அங்குலம். தினமும் குழந்தை உட்காரும் வலது பக்கம் கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

"இந்தப் பக்கம் மருந்துப் பெட்டி ஏதாவது வைப்பீங்களா சார்?"

"அங்க எதையும் வைக்கறதில்ல. பாப்பா விடமாட்டா."

தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முடியைப் பற்றியும் சொன்னேன். அவள் ஒரு பைப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினாள்.

"முடியை விடு. பாப்பாவுக்குத் தலைவலி உண்டா?"

"உண்டாம். வாந்தியும் எடுக்குதாம். வண்டி ஒத்துக்கலன்னு நினைக்கறார்."

"அவருக்கு?"

"தினம் ஒரு மாத்திரை போடறாராம். கடை அலைச்சலாம்."

தங்கை எழுந்துவிட்டாள். ஷெட்டில் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதே. இன்ஜின் புகையில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது, அது தூங்கவைத்துத்தான் கொல்லும்.

குளிர் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று அவரிடம் கேட்டாள். அவர் சம்மதித்தார். நண்பகல் வெயில். அவர் ஓட்டினார், தங்கை முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறப்போனேன். சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

"அந்தப் பக்கம் உக்காராதீங்க ஆன்ட்டி. அத்தை மடியில உக்காருவீங்க."

நடுவில் உட்கார்ந்தேன். கண்ணாடிகள் ஏறின. முன்னால் தொங்கிய வாசனைப் புட்டி ஆடியது, அந்த வாடையைத் தவிர வேறு வாடை இல்லை. நல்ல குளிர். என் தங்கை போட்ட குளிர் என்ற பெருமைகூட முதல் பத்து நிமிடம் இருந்தது. பிறகு அவர் ஒரு வீட்டின் முன் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், மருந்துப் பையோடு மாடிக்குப் போனார்.

அப்போதுதான் கேட்டது. என் இடது தோளுக்குப் பக்கத்தில், மெதுவாக, ஒரு மூச்சு. உள்ளே போயிற்று, நின்றது, வெளியே வந்தது. ஏசியில் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும்போது அப்படி ஒரு சத்தம் வரும், எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. இடது பக்கச் சீட்டின் உறை மெல்ல முனகியது. நான் தைத்த உறை. யாராவது எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினால்தான் அப்படி முனகும். பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. அவ்வளவு இதமான தூக்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. என் தலை இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் ஏதோ இருந்தது.

கன்னத்தில் பளார் என்று ஒரு அறை விழுந்தது. தங்கை பின்கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை ஏற்கெனவே நடைபாதையில் உட்காரவைத்திருந்தாள். எனக்குத் தலை இடி இடி என்று இடித்தது.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்கா" என்றாள். "நீ யார்கூடவோ பேசிட்டிருந்த."

என்ன பேசினேன் என்று அவளிடம் கேட்டேன். அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கீழே வந்த மருந்துக்கடைக்காரர் திறந்து கிடந்த நான்கு கதவுகளையும் பார்த்து முகம் சுளித்தார். தங்கை அவரைக் கெஞ்சிக் கூத்தாடி, கண்ணாடிகளை இறக்கிவைத்துக்கொண்டு வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிவரச் செய்தாள். நானும் குழந்தையும் நடந்தே வந்தோம்.

ஷெட்டில் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். "சிகரெட் பத்தவைங்க சித்தப்பா. பானெட்டைத் திறந்து, பின்பக்கத் தகட்டுக்குக் கீழ புகையை ஊதுங்க."

"பத்து வருஷமா விடுன்னு சொன்னவ, இன்னிக்கு ஊதச் சொல்றா" என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்தார்.

இன்ஜினை நிறுத்தி, ஏசியின் காற்றாடியை மட்டும் சுற்றவிட்டாள். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்தினாள். நாங்கள் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தோம். சித்தப்பா நான்கு முறை ஊதினார். ஒன்றும் இல்லை. ஐந்தாவது முறை ஊதியபோது முன்சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் வந்தது. பின்சீட்டின் இடது பக்கத்தில் மோதியது, ஏறியது, அங்கேயே தங்கியது. தோள் மாதிரி ஒரு வளைவு. அதற்கு மேல் தலை மாதிரி ஒன்று. தலை நிமிர்ந்து இருக்கவில்லை. வலது பக்கம், குழந்தை உட்காரும் இடத்தை நோக்கி, குனிந்திருந்தது. பின்னால் நீளமாக ஏதோ தொங்கியது.

சித்தப்பா நிமிர்ந்து வந்து எட்டிப் பார்த்தார். வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துக் கீழே போட்டு மிதித்தார்.

"பார்த்தீங்களா சார்" என்றாள் தங்கை. "கீழ ஒரு ஓட்டை திறந்திருக்கு. நான் துணி வெச்சு அடைச்ச ஓட்டை. துணி விழுந்திருக்கு. பக்கத்துலயே இன்ஜின் புகை கசியுது. காற்றாடி அதை இழுத்துப் பின்னால அனுப்புது."

அவர் கேட்டதாகவே தெரியவில்லை. இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "அக்கா" என்றார். எங்களை அல்ல.

உண்மையைக் காட்டத்தான் அவள் அதைச் செய்தாள். அது அவர் இதுவரை காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கவைத்துவிட்டது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையைக் கூப்பிட்டார். நான் குழந்தையின் கையை விடவில்லை.

"ஓட்டையை அடைக்கணும் சார். பத்து நிமிஷ வேலை" என்றாள் தங்கை.

"அடைச்சா போயிடுவாங்க."

"யாரு?"

"உனக்குத் தெரியும் யாருன்னு." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் ஒரு அக்காதானே. நீங்க போயிட்டீங்கன்னு வைங்க. உங்க தங்கச்சியைப் பார்க்க ஒரு ஓட்டை கிடைச்சா வராம இருப்பீங்களா?"

என் தலை இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. ஆனால் குழந்தையின் கையில் நாடி ஓடிய வேகம் என் விரலுக்குத் தெரிந்தது.

"வருவேன் சார்" என்றேன். "ஆனா அவ பிள்ளையைத் தூங்கவைக்க மாட்டேன்."

அவர் தடுமாறினார். ஒரு நொடிதான். பிறகு பிடிவாதம் திரும்பி வந்தது. "ஆளாளுக்கு வாயால சொல்றீங்க. தலைவலிங்கறீங்க, புகைங்கறீங்க. என் கடையில வந்து வாயால சொன்னா நான் ஒரு மாத்திரை தரமாட்டேன். டாக்டர் சீட்டு வேணும். யாரு எழுதினா, என்ன எழுதினா, கையெழுத்து இருக்கா, அதுதான் எனக்குக் கணக்கு. இவ்வளவு நிச்சயம்னா எழுதிக் குடுங்க. இல்லைன்னா பாப்பாவை அனுப்புங்க. இன்னிக்கு ஏழு வீட்டுக்கு மருந்து போகணும்."

முதலாளி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டில் வேலை யார் செய்தாலும், வேலை விவரம் எழுதுகிற ஜாப் கார்டில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். தங்கையை மூலைக்குக் கூட்டிப்போனார். அவளுடைய வலது காதுக்காகச் சத்தமாகப் பேச வேண்டியிருந்ததால், அது எல்லோருக்கும் கேட்டது.

"ஓட்டையை விட்டோம்னு எழுதினா அது சாட்சிம்மா. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா அந்தக் காகிதம் நம்ம கழுத்துல தொங்கும்."

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் எழுதணும்கறேன்."

"நான் போடமாட்டேன். நீயும் எழுதாத. எழுதினா இந்த மூலை உனக்கு இல்ல, சொல்லிட்டேன்."

பதினொரு வருடம் அவள் நின்ற மூலை. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர், மேசை, வாய் கட்டிய பைப்புகள். பிறகு என் மேசைக்கு வந்து, "அக்கா, பேனா" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். காது கேட்காததை மந்தம் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு காது வந்தது, சாமான் பெட்டிகளையும் ஜாப் கார்டுகளையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். எழுதச் சொன்னால் மட்டும் கை பின்னால் போய்விடும். பேங்கில் கட்டைவிரல் வைப்பாள், மற்றதெல்லாம் நான் எழுதுவேன். அன்றும் நான் பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லு, எழுதறேன்" என்றேன்.

"உன் எழுத்து எதுக்கு? ஓட்டையை விட்டது நீயா?"

"துணி குடுத்தது நான்தான்."

"அடைச்சது நான்."

என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். ஒரு வெற்று ஜாப் கார்டை எடுத்து, மடங்காத சுண்டுவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள். நான்கு வரி எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தையும் பைப்பை வளைப்பதுபோல நின்று நிதானித்து வளைத்தாள். அந்தக் கால் மணி நேரமும் ஷெட்டில் ஒருவரும் ஸ்பானரைத் தொடவில்லை. குழந்தை என் மடியில் தூங்கிவிடாமல் இருக்க, அவளை டேப்பின் எண்களை எண்ணவைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஓட்டை அன்றே ரப்பர் மூடியால் அடைக்கப்பட்டது. நான் கொடுத்த துணித்துண்டு புகைக்குழாய் மேல் விழுந்து, கருகி, காய்ந்த இலைபோல ஒட்டிக்கிடந்தது. சித்தப்பா புகை கசிந்த இடத்துக்குப் புது பேக்கிங் போட்டார். மூலை ஒன்பது நாள் காலியாக இருந்தது. பத்தாம் நாள் மூன்று வண்டிகள் காத்திருக்க, முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்து, "வரலாமில்ல" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

இடது பக்கப் பஞ்சை நான் மாற்றினேன். குழியை மறுபடி அளந்தேன், அதே முக்கால் அங்குலம். குழாயிலிருந்து வந்த ஈரக்காற்று பட்டுப் பஞ்சு அமுங்கியிருக்கும் என்று தங்கை சொன்னாள். ஈரப் பஞ்சு எனக்குத் தெரியும். இது காய்ந்திருந்தது.

குழந்தைக்கு இரண்டே நாளில் தலைவலி போயிற்று. கன்னத்துச் சிவப்பும் போயிற்று. அடுத்த வாரம் அப்பாவோடு வந்தபோது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அத்தை இன்னும் வராங்களா?"

"இல்ல ஆன்ட்டி, இறங்கிட்டாங்க."

"எங்க?"

"இங்கதான். உங்க ஷெட்டுல."

நான் தனியாகத் தைக்கும் நேரங்களில் இடது பக்கத்து ஸ்டூலைக் காலியாக விடுவதில்லை. ஒரு துணிக்கட்டை வைத்துவிடுகிறேன்.

இனி அந்தக் கால் மணி நேரத்தின் முடிவு. தங்கை கார்டை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தன் கடையில் சீட்டு வாங்குவதுபோல வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். அதில் இருந்தது இது:

'பழைய தண்ணீர் ஓட்டையை சரியாக மூடாமல் விட்டது நான். அதன் வழியாக இன்ஜின் புகை வண்டிக்குள் வருகிறது. அதை மூடும்வரை இந்த வண்டியில் குழந்தையை ஏற்றக் கூடாது. ஏற்றினால் குழந்தை எழுந்திருக்காது.'

கடைசி வரியில் அவர் கண் நின்றது. அதற்குக் கீழே அவளுடைய பெயர் இருந்தது, அவள் கையால், முழுசாக. அவர் சாவியை மேசை மேல் வைத்தார். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"தேதி இல்லாத சீட்டை நான் எடுத்துக்கறதில்லம்மா" என்றார்.

தங்கை கார்டைத் திரும்ப வாங்கினாள். "அக்கா, இன்னிக்கு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். பெயருக்குக் கீழே ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

17-3-2011, வியாழக்கிழமை.